பழைய டீசல் பிக்கப்: செல்ஃப் ஒரு நாள் ‘டக்’ என்கிறது, ஒரு நாள் அதுவும் இல்லை

சந்தைவண்டி (ஒட்டன்சத்திரம்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா வாங்கிய 2003-ஆம் ஆண்டு டீசல் பிக்கப்பைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். 2.5 லிட்டர் எஞ்சின், மெக்கானிக்கல் பம்ப், 12 வோல்ட். கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. தோட்டத்துத் தக்காளியையும் முருங்கைக்காயையும் சந்தைக்கு ஏற்றிப் போவதே அதன் வேலை.

இரண்டு மாதங்களாகச் செல்ஃப் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சரியாக எடுப்பதில்லை. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றி, ஒருவழியாகப் பிடித்துக்கொள்கிறது. சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போது மறுபடி திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’ ஒலி மட்டும் வருகிறது. சில நாள்களில் அந்த ஒலிகூட வருவதில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் இரண்டாவது கியரில் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பதால், எஞ்சினிலும் டீசலிலும் குறை இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் பேட்டரியைச் சந்தேகித்துப் புதியது மாற்றினேன். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, கார்பனும் புஷ்ஷும் மாற்றி வாங்கினேன். கடை மேசையில் வைத்துப் பேட்டரி கொடுத்தபோது அது சீறிக்கொண்டு சுற்றியதை என் கண்ணால் பார்த்தேன். வண்டியில் மாட்டிய இரண்டாம் நாளே பழைய கதை திரும்பிவிட்டது. இப்போது புது செல்ஃப் வாங்கிவிடுங்கள் என்கிறார்கள், வாங்கலாமா?

இன்னொரு தகவலும் உண்டு. ஆடியில் கிளட்ச் பிளேட் மாற்றி, எஃப்.சி.க்காக (வண்டியின் தகுதிச் சான்று) சேசிஸ் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டர் மிதி கொஞ்சம் கடினமாகிவிட்டது. அது தனி வேலை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

தம்பி, வாங்குவதற்கு முன் ஓர் இரவு பொறுங்கள். முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். என்னிடம் ‘செல்ஃப் போய்விட்டது’ என்று கழற்றிக்கொண்டு வரப்படும் மோட்டார்களில் கணிசமானவை நல்ல மோட்டார்களாகவே இருக்கின்றன.

கடை மேசையில் அது சீறிச் சுற்றியது எதையும் நிரூபிக்கவில்லை. அங்கே அதற்குச் சுமை இல்லை. சில பத்து ஆம்பியர் கிடைத்தாலே சுற்றிவிடும். வண்டியில் அதே மோட்டார் டீசல் எஞ்சினின் அழுத்தத்தை எதிர்த்து நான்கு சிலிண்டர்களைத் திருப்ப வேண்டும். அதற்கு இருநூறு, முந்நூறு ஆம்பியர் தேவைப்படும். கடையில் தடிமனான இரண்டு கம்பிகள் நேராகப் பேட்டரியில் இருந்தன. உங்கள் வண்டியில் அந்த மின்சாரம் இருபது ஆண்டுப் பழைய கேபிள், நட்டு, கேபிள் முனையில் இருக்கும் லக், சேசிஸ் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

இன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, எதிரே சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். ‘டக்’ என்ற ஒலியோடு வெளிச்சம் சுருண்டு அணைந்துபோவதுபோல் மங்கினால், ஒன்று பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது மோட்டார் எங்கோ சிக்கி அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கிறது. ‘டக்’ வந்தும் வெளிச்சம் பெரிதாக மங்காவிட்டால், போக வேண்டிய மின்சாரம் போகவே இல்லை; வழியில் ஏதோ தடுக்கிறது என்று பொருள். ஒலியும் இல்லை, வெளிச்சமும் அசையவில்லை என்றால் சாவியின் கட்டளையே சொலினாய்டை, அதாவது செல்ஃப்போடு இருக்கும் மின்காந்தச் சுவிட்சை, எட்டவில்லை.

‘டக்டக்டக்டக்’ என்று தையல் இயந்திரம்போல ஒலிப்பது வேறு வகை. சொலினாய்டுக்குள் இழுக்கும் சுருள் ஒன்று, பிடித்து வைக்கும் சுருள் ஒன்று என இரண்டு உண்டு. பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு உள்ளே போய்ப் பெரிய காண்டாக்ட் ஒட்டியவுடன் இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடும். அதன் பிறகு பிடிக்கும் சுருள் மட்டுமே வேலை செய்யும். பேட்டரி இறங்கியிருந்தால், காண்டாக்ட் ஒட்டிய அதே நொடியில் வோல்டேஜ் சரிந்து, பிடிக்கும் சுருள் கைவிட்டுவிடும், பாரம் நீங்கியதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அந்த ஒலி உங்களுக்கு எப்போதாவது கேட்டதா?

வேகவண்டி (மதுரை)

இவ்வளவு ஆராய்ச்சிக்கு நேரம் யாருக்கு இருக்கிறது? இருபது வருட வண்டிக்கு இருபது வருட செல்ஃப். புதியதைப் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். சந்தைக்குப் போகிற வண்டி நடு ரோட்டில் நின்றால் ஒரு நாள் தக்காளியின் விலையே போய்விடும். மீட்டர் பிடித்துக்கொண்டிருப்பதைவிட அதுவே லாபம் என்பது என் கருத்து.

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

புதியதைப் போட்டும் தீராவிட்டால் தக்காளியின் விலையோடு செல்ஃப்பின் விலையும் சேர்ந்து போகும். அவர் ஏற்கெனவே பேட்டரி ஒன்றும் ரிப்பேர் ஒன்றும் அப்படித்தான் செலவழித்திருக்கிறார்.

வன்னிக்கெப் (கிளிநொச்சி)

சந்தைவண்டி அவர்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என் கண்ணில் பட்டது. கிளட்ச் வேலைக்குக் கியர்பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதன் பிறகு அக்சிலேற்றர் கேபிள் இறுகியிருக்கிறது. இவை மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகள் என்று சந்தேகிக்கிறேன்.

எஞ்சினும் கியர்பெட்டியும் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஸ்ராட்டரின் உடலிலிருந்து மின்சாரம் பற்றரியின் நெகட்டிவுக்குத் திரும்ப, எஞ்சினையோ கியர்பெட்டியையோ சேசிஸுடன் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று வேண்டும். கியர்பெட்டியை இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது மறந்துவிட்டாலோ, புதிய பெயிண்ட்டின் மேலேயே வைத்து முறுக்கிவிட்டாலோ, திரும்பும் மின்சாரம் கிடைத்த இரும்பை எல்லாம் பிடித்துக்கொண்டு போகும். அக்சிலேற்றர் கேபிளின் உள்கம்பி, வெளியுறையின் சுருள் கம்பி, சில வண்டிகளில் கிளட்ச் கேபிள், வேகமானிக் கேபிள் என்று எதையும் விட்டுவைக்காது. அவை இந்த அளவு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல; சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகி, கம்பி இறுகிவிடும்.

எனது கெப் (பிக்கப்) வாகனம் ஒன்றில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் புறங்கையால் கேபிளை மெல்லத் தொட்டுப் பார்த்தால் போதும். எச்சரிக்கையாகத் தொடுங்கள், சுட்டுவிடும்.

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

வன்னி நண்பரின் கண் கூர்மையானது. நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேபிளின் சூட்டைக்கொண்டு மட்டும் முடிவு செய்ய வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அப்போது எஞ்சின் சுற்றுமே தவிர ஸ்டார்ட் ஆகாது. ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், நீங்கள் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி போதும். பத்து நொடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள், இடையில் ஒரு நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள்.

சுற்றுவதற்கு முன் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் அது பாதிதான் நிரம்பியிருக்கிறது, முதலில் சார்ஜ் செய்யுங்கள். பிறகு சுற்றும்போது, பேட்டரியின் இரு ஈயத் தண்டுகளுக்கு இடையே முதல் அளவு. மேலே இறுக்கியிருக்கும் கிளாம்ப்பில் வைக்காதீர்கள். தண்டிலேயே மீட்டர் முனை படவேண்டும், இல்லையேல் கிளாம்ப்புக்கும் தண்டுக்கும் இடையே உள்ள குறையை மீட்டர் காணாது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு அளவுகள்தான் முக்கியமானவை. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டிலும் கறுப்பு முனையைச் செல்ஃப்பின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். அதற்கு 30 என்று எண் இருக்கும். ஒரே கம்பியின் இரு முனைகளில் வைப்பதால் சும்மா இருக்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டும். மின்சாரம் ஓடும்போது மட்டுமே அந்தக் கம்பி எவ்வளவு தின்கிறது என்று தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பிறகு கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலும் சிவப்பைச் செல்ஃப்பின் உடலில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து அதையே செய்யுங்கள். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3.

ஓம் அளவில் வைத்துக் கேபிளைச் சோதித்து ‘பீப் வருகிறது, நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடாதீர்கள். நூறு இழையில் தொண்ணூறு அறுந்த கேபிளும் பீப் கொடுக்கும். இருநூறு ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் இருந்தாலே 2 வோல்ட் போய்விடும், 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டவே காட்டாது.

சந்தைவண்டி (ஒட்டன்சத்திரம்)

தையல் இயந்திர ஒலி ஒருநாளும் வந்ததில்லை. ஹெட்லைட் சோதனையில் ‘டக்’ வந்தபோது வெளிச்சம் சிறிதளவே மங்கியது. மீட்டர் அளவுகள் இவை: பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6. சுற்றும்போது பேட்டரியில் 11.2. பாசிட்டிவ் பக்கம் 0.4. நெகட்டிவ் பக்கம் 2.9. செல்ஃப்பின் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தால் 7.9 மட்டுமே வருகிறது. ஆக்சிலரேட்டர் கேபிளை என் தம்பி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

பக்கத்து மோட்டார் கடையில் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கினேன், அது ஏ.சி. மட்டும் அளக்கும் வகை என்பதால் பயன்படவில்லை. டி.சி. அளக்கும் மீட்டரை வேறொருவரிடம் வாங்கிப் பார்த்தபோது சுமார் 190 ஆம்பியர் காட்டியது.

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

உங்கள் கணக்கு நேராக வருகிறது: 11.2-இல் 0.4-உம் 2.9-உம் கழித்தால் 7.9. மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டியதில் மூன்று வோல்ட் எர்த் வழியிலேயே, அதாவது நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையிலேயே, சூடாகப் போகிறது.

ஆம்பியரையும் எடுத்தது மிக நல்லது. எஞ்சின் மெதுவாகச் சுற்றி, ஆம்பியரும் குறைவாக இருந்தால் வழியில் தடை; உங்கள் 190 இந்த வகை. எஞ்சின் மெதுவாகச் சுற்றி, ஆம்பியர் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தால் மோட்டாரிலோ எஞ்சினிலோ இறுக்கம். பெரும்பாலும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சரிந்து, சுற்றியிருக்கும் காந்தப் போலில் உரசிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மோட்டாரைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை வண்டிக்கடியில் போகாமலே சொல்லிவிடலாம்.

பட்டையைத் தொடும் முன் ஒரு குறுக்குவழிச் சோதனை. ஜம்ப் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

சந்தைவண்டி (ஒட்டன்சத்திரம்)

மாட்டினேன். இரண்டு மாதத்தில் கேட்காத வேகத்தில் சுற்றியது. பிறகு வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தபோது பட்டை இருந்தது. கியர்பெட்டிப் பக்கம் சரியாகவே இருந்தது. சேசிஸ் பக்கத்தில் கறுப்புப் பெயிண்ட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டுமே ஏதோ கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். பட்டையின் பின்னலிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததால் புதிய பட்டை வாங்கி, உப்புத்தாளால் இரும்பு வெண்மையாகத் தெரியும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

இப்போதைய அளவுகள்: பேட்டரியில் 10.5, பாசிட்டிவ் பக்கம் 0.5, நெகட்டிவ் பக்கம் 0.1, செல்ஃப்பில் 9.9.

வேகவண்டி (மதுரை)

புது செல்ஃப் வேண்டாம் என்றது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. சரி செய்வதற்கு முன் பேட்டரியில் 11.2 இருந்தது, சரி செய்த பிறகு 10.5 ஆகக் குறைந்திருக்கிறதே? பேட்டரி கெட்டுப்போகிறதா?

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. முன்பு எர்த் குறையால் மோட்டாருக்குப் பட்டினி. அது குறைவாகவே மின்சாரம் எடுத்தது, பேட்டரியும் சிரமப்படாமல் 11.2-இல் நின்றது. இப்போது மோட்டார் தனக்கு வேண்டியதை எடுக்கிறது. பேட்டரியில் கூடுதலாக விழுந்த 0.7 வோல்ட் அந்தக் கூடுதல் ஆம்பியரின் விலை. பாசிட்டிவ் பக்கம் 0.4 என்பது 0.5 ஆனதும் அதனால்தான்; கேபிள் அதேதான், ஓடுகிற மின்சாரம் கூடியிருக்கிறது. ‘சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் உயரமாக நிற்கிறது, ஆகவே எல்லாம் நலம்’ என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

கியர்பெட்டி (குன்னூர்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படிக்கும் சிலர் ஸ்குரூடிரைவரால் செல்ஃப்பின் போல்ட்டையும் சொலினாய்டின் சிறு முனையையும் இணைத்துப் பார்ப்பார்கள்; நானும் செய்திருக்கிறேன். வண்டி கியரில் இருக்கும்போது அப்படிச் செய்தால், பழைய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகி உங்கள்மேல் ஏறிப் போய்விடும். கியர் லிவரைக் கையால் ஆட்டிப் பார்த்து நியூட்ரல் என்று உறுதி செய்யாமல் வண்டிக்கடியில் போகாதீர்கள். செல்ஃப்பைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பெரிய போல்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது; ஸ்பேனர் ஒருபுறம் அதிலும் மறுபுறம் எஞ்சினிலும் பட்டால் ஸ்பேனரே வெல்டிங் கம்பியாகிவிடும்.

சந்தைவண்டி (ஒட்டன்சத்திரம்)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். காலையில் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்கிறது. ‘டக்’ ஒலி போய்விட்டது. ஆனால் வண்டி சூடாக இருக்கும்போது, வாரத்தில் இரண்டு முறையாவது, சாவியைத் திருப்பினால் எந்த ஒலியும் இல்லை. ஐந்தாறு முறை திருப்பினால் ஒரு முறை எடுக்கிறது. சூடு ஆறிய பிறகு தொல்லை இல்லை.

வன்னிக்கெப் (கிளிநொச்சி)

ஒலி எதுவும் இல்லை என்றால் அது வேறு பாதை. ‘டக்’ வந்து சுற்றாமல் நின்றிருந்தால் சொலினாய்டுக்குள் இருக்கும் செப்புக் காண்டாக்ட்டுகளைச் சொல்லியிருப்பேன். பழைய ஹைலக்ஸ் வாகனங்களில் வரும் டென்சோ வகை ஸ்ராட்டரில் அவை எல் வடிவச் செப்புத் துண்டுகள். ஒவ்வொரு முறையும் தீப்பொறியில் கொஞ்சம் கரையும். பல ஆண்டுகளில் ஒரு பக்கம் மெலிந்துபோய், பிளஞ்சரின் வட்டு அதைத் தொடாமல் நின்றுவிடும். முழு ஸ்ராட்டரையும் மாற்றத் தேவையில்லை. துண்டுகளை மட்டும் மாற்றலாம். ஆனால் உங்கள் வண்டியில் பிளஞ்சரே அசையவில்லை.

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

சொலினாய்டில் 50 என்று எண்ணிட்ட சிறு முனை இருக்கும். சாவி திருப்பும்போது அங்கே எத்தனை வோல்ட் வருகிறது என்று, வண்டி சூடாக இருந்து எடுக்க மறுக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளப்பதில் பயனில்லை. பத்துக்கு மேல் இருந்தும் ஒலி இல்லையென்றால் சொலினாய்டு. எட்டுக்குக் கீழே இருந்தால் சாவி சுவிட்சும் அதன் ஒயரும்.

சந்தைவண்டி (ஒட்டன்சத்திரம்)

சந்தையிலேயே மீட்டரை வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தேன், நன்றாகவே எடுத்தது. நான்காம் நாள் மறுத்தது. 50-ஆம் முனையில் 7.6.

மீட்டர்கை (கோயம்புத்தூர்)

அதுதான். இழுக்கும் சுருள் ஒரு நொடிக்குள் 30, 40 ஆம்பியர்வரை எடுக்கும். பழைய வண்டிகளில் அது முழுவதும் சாவி சுவிட்சின் சிறு காண்டாக்ட் வழியாகப் போய் வருகிறது. இருபது ஆண்டில் அது கரிந்திருக்கும். எஞ்சின் சூட்டில் ஏன் கூடுதலாக அடம்பிடிக்கிறது என்றால், செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும். செல்ஃப்பின் பக்கத்தில் சைலன்சர் குழாய் போகிறது. 30 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரி ஆனால் அதன் தடை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஏற்கெனவே குறைவாக வரும் வோல்டேஜுக்கு அது தாங்காது.

சாவி சுவிட்சை மாற்றலாம். ஆனால் நான் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போடச் சொல்வேன். நான்கு முனை ரிலே, 40 ஆம்பியராவது தாங்குவது. சாவியிலிருந்து சொலினாய்டுக்கு வரும் பழைய ஒயரை ரிலேயின் 86-இல் கொடுங்கள், 85 எர்த்துக்கு. செல்ஃப்பின் பெரிய போல்ட்டிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான ஒயரை 30-க்கும், 87-இலிருந்து சொலினாய்டின் 50-க்கும் கொண்டு போங்கள். இனிச் சாவி சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கினால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூட ஆகாது. ரிலேயைச் சைலன்சருக்குத் தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

கியர்பெட்டி (குன்னூர்)

அடுத்து எப்போதாவது கிளட்ச் வேலைக்குக் கியர்பெட்டியை இறக்கினால் ஃப்ளைவீலின் விளிம்பில் பல்வளையமாக இருக்கும் ரிங் கியரை முழுச் சுற்றாகப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணைந்து நிற்பது பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரெதிரான இரண்டு இடங்களில்தான். எனவே பெண்டிக்ஸ் (செல்ஃப்பின் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரம்) அந்த இரண்டு இடங்களிலேயே போய் மோதி, அங்கே மட்டும் பல் தேயும். ஸ்டார்ட் செய்யும்போது ‘கர்ர்’ என்று அரைக்கும் ஒலி வந்தால் வண்டியைக் கியரில் போட்டு ஒரு சாண் நகர்த்தினால் எடுத்துக்கொள்ளும். அரைக்காமல் ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் அது பெண்டிக்ஸ் கிளட்ச் வழுக்குவது. ரிங் கியரைக் குறை சொல்லக் கூடாது.

சந்தைவண்டி (ஒட்டன்சத்திரம்)

ரிலே மாட்டி ஒரு மாதம் ஆகிறது. சூட்டில் அளந்தபோது 50-ஆம் முனையில் 11.4 வருகிறது. ஒரு முறைகூடத் தள்ளவில்லை.

ஆக்சிலரேட்டர் கேபிளையும் நேற்று மாற்றிவிட்டேன். பழையதை நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். ஒரு விரல்கடை நீளத்துக்கு உள்குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. வன்னி ஐயா சொன்னபடியே இருந்ததால், அந்தத் துண்டைச் செல்ஃப் ரிப்பேர் செய்து கொடுத்த கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையில் போட்டு வைத்துக்கொண்டார்.